மண்பொம்மைக்கு வந்த மானியம்

இலாரியே கேட்டது ஒரு பம்பு. கிணறு இருந்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தது. கூப்பிடு தூரத்தில் தர்பூசணிக் கொடிகள் இருந்தன. இரண்டுக்கும் நடுவே இத்தனை வருஷம் ஓடிய இயந்திரம் இலாரியேயின் இடுப்பு. போன கோடையோடு அது நின்றுவிட்டது.

டான்யூப் ஆற்றங்கரையில் அது சுத்த மணல் பூமி. காலையில் ஊற்றியதை மத்தியானத்துக்குள் குடித்துவிட்டு, யாரும் தனக்கு ஒன்றும் கொடுக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளும். பழைய பொதுவுடைமை ஆட்சியில் ஆற்றிலிருந்து வாய்க்கால் வந்தது, பம்பு நிலையம் இருந்தது. ஆட்சி போன குளிர்காலத்திலேயே ஊர் ஒன்றுகூடி நிலையத்தைப் பிரித்து விற்றது. இன்றைக்கும் ஊரில் பாதி வீட்டு வாசற்கதவுகள் அந்தக் குழாய்களால் ஆனவை. இலாரியே வீட்டுக் கதவும்தான்.

அந்த வருஷம் வசந்தத்திலேயே அவன் மனைவி சவேத்தா கணக்கை முடித்துவிட்டாள். சோளக்களியைப் பலகையில் கவிழ்த்து நூலால் அறுத்துக்கொண்டே சொன்னாள்.

"இந்த வருஷம் காய் லாரி ஏறலேன்னா, ஆகஸ்ட்ல மரியன்னை திருநாள் முடிஞ்சதும் நான் பஸ் ஏறிடுவேன்."

பஸ் என்றால் இத்தாலி பஸ். ஊரில் பாதிப் பெண்கள் இத்தாலியில் யாரோ ஒருவருடைய அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். சவேத்தாவுக்கும் மோதெனாவில் கைகால் விழுந்த ஒரு கிழவரை அவள் அக்கா பிடித்து வைத்திருந்தாள். கிழவர் காத்திருந்தார். வேறெங்கும் போகிற நிலையில் அவர் இல்லை.

"காய் லாரி ஏறும்," என்றான் இலாரியே. "பம்பு வருது."

"யாரு தர்றா?"

"நிதியம்."

சிறு உழவர் நுட்ப மேம்பாட்டு நிதியம் ஊருக்கு வந்தது மே மாதத்தில். மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். நிதியத்தின் சார்பில் வந்தவர் ஒக்டாவியன் கெலாசே. வெள்ளைக் காலணி, சட்டையில் மாட்டிய ஒலிவாங்கி, இரண்டு கையும் எப்போதும் காற்றில்.

"நாங்க பொருள் குடுக்க வரல," என்றார் கெலாசே. "பொருளை யார் வேணும்னாலும் குடுப்பாங்க. நாங்க பார்வை குடுக்க வந்திருக்கோம்."

இலாரியே கையைத் தூக்கினான்.

"பார்வை நல்லாத்தான் இருக்கு சார். பம்பு உண்டா?"

மன்றம் சிரித்தது. கெலாசேயும் சிரித்தார். ஏழை சிரிக்க வைத்தால் சிரிக்க வேண்டும் என்று அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

"பம்புங்கறது ஒரு பதில் அண்ணே. நாம இன்னும் கேள்விக்கே வரலியே."

கேள்வி இதுதான்: வயல் காய்ந்திருக்கிறதா?

"காய்ஞ்சிருக்குன்னு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்," என்று பிறகு வயலில் நின்று விளக்கினார் கெலாசே. "நிதியத்துக்குத் தெரியாதே. நிதியத்துக்குக் கண்ணு கிடையாது. கருவிதான் கண்ணு."

கருவியை நட்டார்கள். ஆள் உயரக் கம்பம். மேலே குறுக்கே ஒரு சூரியத் தகடு. அடியில் மணலுக்குள் இறங்கும் ஒரு ஈட்டி. ஈட்டி மண்ணின் ஈரத்தை அளந்து தலைநகருக்குச் சொல்லும். புக்கரெஸ்டில் ஒரு திரையில் இலாரியேயின் வயல் ஒரு புள்ளி. காய்ந்தால் சிவப்பு, நனைந்தால் பச்சை. ஜூன் கடைசியில் வரும் பேதுரு திருநாள்வரை புள்ளி விடாமல் சிவப்பாக இருந்தால், வயல் காய்ந்தது நிரூபணம். மறுநாளே பம்பு.

"அதுவரைக்கும் ஒரு குவளை தண்ணி ஊத்தக் கூடாது அண்ணே. ஊத்துனீங்கன்னா, உங்களுக்குப் பம்பு தேவையில்லைன்னு கருவி நெனச்சுக்கும்."

இலாரியே கையெழுத்துப் போட்டான். அவனிடம் இருந்தது பித்தான் போன். கருவியின் செய்திகள் அதில் ஏறாது என்பதால் சவேத்தாவின் எண்ணைக் கொடுத்தான். அன்று மாலையே அவள் போன் மணியடித்தது. மண் காய்ந்திருக்கிறது. நீர் பாய்ச்சவும்.

இலாரியே கெலாசேயைக் கூப்பிட்டான்.

"சார், ஊத்தாதேன்னு நீங்க சொல்றீங்க. ஊத்துன்னு கருவி சொல்லுது."

"கருவி சரியாத்தான் சொல்லுது அண்ணே."

"அப்ப ஊத்தட்டா?"

"வேணாம். கருவி சொல்றத கேளுங்க. செய்யாதீங்க."

தினமும் காலையும் மாலையும் செய்தி வந்தது. நீர் பாய்ச்சவும். கருவி வரும்வரை இலாரியே குதிரை வண்டியில் பீப்பாய் வைத்து ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து கொடிகளை எப்படியோ உயிரோடு வைத்திருந்தான். வண்டியை நிறுத்தினான். பீப்பாய்களைக் கவிழ்த்து வைத்தான். கிணற்று விளிம்பில் உட்கார்ந்து, இலைகள் ஓரம் சுருண்டு, பிறகு காதுபோல் மடிந்து, பிறகு காகிதமாவதைப் பார்த்தான். கைமுட்டி அளவுக்கு வந்த காய்கள் அந்த அளவிலேயே நின்றன.

"பச்சப் புள்ளைக்குப் பால் குடுக்காதே, எவ்வளவு அழுவுதுன்னு அளக்கணும்னு ஒருத்தன் சொல்றான்," என்றாள் சவேத்தா. "பெத்தவன் சரிங்க சார்ங்கறான்."

"பேதுரு திருநாள் வரைக்கும்தான். பம்பு வந்தா ரெண்டே நாள்ல எந்திரிச்சிடும். தர்பூசணி அழுத்தமான சாதி."

"நீதான்டா அழுத்தமான சாதி."

இதற்கிடையில் வானம் ஊருக்கே கதவைச் சாத்திவிட்டது. பாதிரியார் சிலுவையைத் தூக்கிக்கொண்டு வயல்களைச் சுற்றி வந்தார். வெயில் அடித்து அவர்தான் விழுந்தார். அப்புறம் பெண்கள் தங்கள் வழியில் இறங்கினார்கள். கலோயானைப் புதைக்க முடிவு செய்தார்கள்.

கலோயான் ஒரு முழ நீள மண்பொம்மை. களிமண்ணைப் பிசைந்து ஆளாக்கி, ஈஸ்டருக்குச் சாயம் போட்ட முட்டையோட்டைக் கண்ணாகப் பதித்து, பலகைப் பெட்டியில் கிடத்தி, மெழுகுவர்த்தி ஏற்றி, நிஜப் பிணத்துக்கு அழுவதுபோலவே அழுது வயலில் புதைப்பார்கள். மூன்றாம் நாள் தோண்டி எடுத்து ஆற்றில் விடுவார்கள். அவன் போய் மழையை அவிழ்த்துவிடுவான். எடுக்காமல் விட்டால், வரவேண்டிய மழையையும் தன்மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவான். இதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, பாதிரியார் உட்பட.

ஊர்வலத்துக்குத் தலைமை ஸ்டாங்கா. எல்லாச் சாவுக்கும் முதல் குரல் அவளுடையதுதான். யார் எவ்வளவு கொடுப்பார்கள் என்பது தெரிந்து அதற்குத் தக்கபடி அழக்கூடியவள். ஊர் வயல்களையெல்லாம் பார்த்துவிட்டு இலாரியேயின் வயலைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். அங்கே குறுக்குத் தகட்டோடு ஒரு கம்பம் நின்றது. சிலுவை செய்கிற செலவு மிச்சம். இலாரியே அன்று குதிரைக்கு லாடம் அடிக்கப் பக்கத்து ஊர் போயிருந்தான். பெண்கள் கம்பத்தின் அடியிலேயே தோண்டி, ஈட்டியை ஒட்டிக் கலோயானைக் கிடத்தி மூடினார்கள். கம்பத்தின் கழுத்தில் சாவுத்துண்டு கட்டினார்கள். அந்தப் பக்கத்தில் செத்தவருக்குத் தாகம் அதிகம். நாற்பது நாள் அவர் பேரில் யாராவது தண்ணீர் சுமந்தாக வேண்டும். எனவே குழிமேல் ஆளுக்கொரு குடம் ஊற்றினார்கள். ஸ்டாங்கா தன் பங்குக்குக் கொஞ்சம் பிளம் சாராயமும் விட்டாள்.

மாலையில் சவேத்தாவின் போன் மணியடித்தது. உங்கள் வயல் ஈரமாக இருக்கிறது. வாழ்த்துகள்.

இலாரியே செய்தியைப் படித்துவிட்டு ஓடினான். துண்டைப் பார்த்தான். அங்கிருந்து ஸ்டாங்கா வீட்டுக்கு ஓடினான்.

"என் கருவிக்கடியிலயா புதைச்சீங்க?"

"சிலுவைன்னு நெனச்சோம்டா."

"சிலுவைல எவனாவது கண்ணாடி பதிப்பானா?"

"இப்ப எல்லாத்துலயும்தான் பதிக்கிறான். எங்களுக்கென்ன தெரியும்." ஸ்டாங்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "எதுக்கு இப்படி வேர்த்துக் கொட்டற? மூணாம் நாள் எடுத்துடுவோம். மழை வந்தா உனக்கும்தானே பெய்யும்."

மறுநாள் காலையில் கெலாசேயின் கார் வந்து நின்றது. பம்பு போயிற்று என்று இலாரியே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கெலாசே இறங்கி வந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

"எத்தனை மாவட்டம், எத்தனை கருவி தெரியுமா அண்ணே? எல்லாம் செவப்பு. திரையே அம்மை போட்ட மாதிரி இருந்துச்சு. நேத்து சாயங்காலம் ஒரே ஒரு பச்சை. ஆபீஸ்ல எந்திரிச்சு நின்னு கைதட்டினாங்க. என்ன செஞ்சீங்க?"

"நான் ஒண்ணும் செய்யல சார். பொம்பளைங்க ஒரு பொணத்தைப் புதைச்சிட்டாங்க."

கெலாசேயின் கைகள் காற்றில் நின்றன. இலாரியே முழுக்கச் சொன்னான். சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது.

"பம்பு இல்லாம?"

"இல்லாம."

"கரண்டு, டீசல் எதுவும் இல்லாம?"

"ஒப்பாரி மட்டும்தான் சார். ஒரு குவளைச் சாராயம்."

"சாராயத்தை விட்டுடுவோம்," என்று கெலாசே போனில் குறித்துக்கொண்டார். "மண்ணுக்குள்ள மண்ணாலேயே செஞ்ச ஒரு ஈரப்பதக் கூறு. சமூகமே முன்வந்து, பெண்களே தலைமை தாங்கி. அண்ணே, இதைத்தான் நாங்க வருஷக்கணக்கா விண்ணப்பப் படிவத்துல கேட்டுக்கிட்டிருக்கோம். எங்களுக்கே என்ன கேக்கறோம்னு தெரியாம."

"சரி சார். என் பம்பு?"

கெலாசே அவன் தோளில் கை போட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"யோசிச்சுப் பாருங்க. பம்பு இல்லாமலே ஈரமாயிட்ட வயலுக்கு எப்படிப் பம்பு கேக்கறது? மோசடின்னு ஆயிடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மூன்றாம் நாள் பெண்கள் மண்வெட்டியோடு வந்தபோது குழியைச் சுற்றி மஞ்சள் கறுப்பு நாடா கட்டியிருந்தது. அளவீட்டுப் பகுதி, தோண்டக் கூடாது என்று பலகை. கெலாசே நாடாவுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"எடுக்கலேன்னா மழை வராது சார்," என்றாள் ஸ்டாங்கா.

"அம்மா, எடுத்துட்டா பச்சை போயிடும்."

"ஊரு நாசமாப் போயிடும்."

"உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் நிதியம் தேடுது. சம்பளம் உண்டு."

ஸ்டாங்கா மண்வெட்டியைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தாள். அன்றிலிருந்து அவள் சமூக ஈரப்பத ஒருங்கிணைப்பாளர். அவளுக்குக் கீழே நான்கு பெண்கள். காலையில் ஒரு ஒப்பாரி, மாலையில் ஒரு ஒப்பாரி, ஒவ்வொன்றுக்கும் ஆளுக்கொரு குடம். ஒப்பாரியின்போது பச்சைச் சட்டை அணிய வேண்டும். சட்டையின் முதுகில் நிதியத்தின் சின்னம். இரண்டாம் வாரம் புக்கரெஸ்டிலிருந்து ஒருவர் வந்து அவர்களுக்கு அழப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் கொடுத்தார். எதற்கு ஒப்பாரி, தண்ணீர் போதாதா என்று அவர் கேட்கவில்லை. எது வேலை செய்கிறது என்று தெரியாதபோது எதையும் நிறுத்தக் கூடாது என்பது நிதியத்தின் கொள்கை.

தண்ணீர் இலாரியேயின் கிணற்றிலிருந்து போனது.

வயலின் கரையில் நின்று அவன் பார்த்தான். அவனுடைய கிணறு, அவனுடைய வாளி. பெண்கள் அவனுடைய கொடிகளைத் தாண்டிக் குடங்களைச் சுமந்துபோய் மண்ணுக்குள் கிடக்கிற மண்ணின்மேல் ஊற்றினார்கள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவனும் ஒரு வாளி மொண்டு, கோணிய இடுப்போடு நடந்துபோய் முதல் வரிசைக் கொடிமேல் சாய்த்தான்.

"சாருக்குப் போன் போடு," என்றாள் ஸ்டாங்கா, ஒப்பாரியின் நடுவில், ராகம் மாறாமல். "இவன் ஊத்தறான்."

அரை மணி நேரத்தில் கெலாசே கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. வருத்தம் மட்டும்.

"அண்ணே, உங்க தண்ணி கலந்துட்டா, எது எங்க ஈரம் எது உங்க ஈரம்னு தெரியாமப் போயிடும். ஒப்பந்தத்தை மீறினா கருவியோட விலையை நீங்க கட்டணும்."

"எவ்வளவு சார் அந்தக் கம்பம்?"

கெலாசே சொன்னார். அந்தப் பணத்தில் ஆறு பம்பு வாங்கலாம். இலாரியே வாளியைக் கிணற்று மேடையில் கவிழ்த்து வைத்தான்.

மழை வரவில்லை. வராது என்று ஊருக்குத் தெரியும். கலோயான் உள்ளே கிடக்கிறான், எழுப்ப ஆளில்லை. ஊரின் சோளம் நின்றபடியே செத்தது. சம்பளம் வாங்குகிற ஐந்து வீடுகளைத் திட்ட முடியாது, அவை ஐந்து வீடு. நிதியத்தைத் திட்ட முடியாது, அது தலைநகரில் இருந்தது. வயல் இலாரியேயுடையது. பேதுரு திருநாள் பூசையில் அவன் உட்கார்ந்த பெஞ்சு காலியானது. சாராயக்கடையில் ஒருவன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டான்.

"என்ன இலாரியே, உன் பொணம் இன்னும் நாறலியா?"

"அது என் பொணம் இல்ல."

"அப்ப ஏன்டா எடுக்க மாட்டேங்கற? அடுத்தவன் பொணத்தை வச்சிப் பொழைக்கறதுக்கு ஒரு மொகம் வேணும்."

பிழைப்பு என்ன என்று இலாரியேக்குத்தான் புரியவில்லை. குடித்ததைப் பாதியில் வைத்துவிட்டு வந்தான். மீதியை அவனைத் திட்டியவன் குடித்தான்.

ஜூலைக் கடைசியில் விழா. நிதியத்தின் தலைவி கொரீனா திராகோமிர் புக்கரெஸ்டிலிருந்து வந்தார். விருந்தினர் காலணியில் தூசி படக்கூடாது என்று தீயணைப்பு வண்டி வந்து வயலுக்குப் போகும் பாதையை நனைத்தது. குழாயிலிருந்து தண்ணீர் தடியாக அடித்தது. பாதை குடித்ததுபோக மீதி ஓரப் பள்ளத்தில் ஓடியது. அப்படி ஓடுகிற தண்ணீரை இலாரியே பல வருஷமாகப் பார்த்ததில்லை. டிரைவரிடம் போனான்.

"அண்ணே, ஒரே ஒரு திருப்பு. இந்தப் பக்கமா."

டிரைவர் வயலைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். நல்ல மனிதர்தான். அவருக்கும் எங்கோ வயல் இருந்திருக்கும்.

"ரோட்டுக்குத்தாம்பா உத்தரவு. மண்ணுக்கு உத்தரவு இல்ல."

மேடையில் நீள மேசை. மேசைமேல் வெட்டி அடுக்கிய தர்பூசணி, சிவக்கச் சிவக்க. இலாரியே ஒரு துண்டின் தோலைத் திருப்பிப் பார்த்தான். கிரேக்க நாட்டு ஒட்டுத்தாள்.

தலைவி பேசினார். வசதியான குரல்.

"நான் பல நாட்டு வயல்களைப் பாத்திருக்கேன். எங்க போனாலும் விவசாயி கைநீட்டறார். பம்பு குடு, குழாய் குடு, விலை குடு. இங்கதான் முதல் தடவையா ஒரு விவசாயி எதுவும் வாங்காம நமக்குக் குடுத்திருக்கார். என்ன குடுத்திருக்கார்? ஒரு பாடம். சிறு உழவருக்கு எதுவும் தேவையில்லைங்கற பாடம். இந்தப் பாடத்தை வர்ற வருஷம் நாடு முழுக்கக் கொண்டுபோகப் போறோம். பொம்மைக்கு டெண்டர் விட்டாச்சு. நீளம், எடை, கண்ணு, எல்லாத்துக்கும் தர அளவு வகுத்தாச்சு. தண்ணிக்கு?" இங்கே ஒரு தாளைப் பார்த்தார். "தண்ணி உள்ளூர் பங்களிப்பு."

கைதட்டினார்கள். பச்சைச் சட்டைப் பெண்கள் அழுதார்கள், அது அவர்கள் அழ வேண்டிய இடம்.

"சிறந்த பயனாளி விருது," என்று தலைவி அட்டையைப் படித்தார். பயனாளி என்ற இடத்தில், பயன் யாருக்குப் போகிறதோ அவர் பெயரைக் கெலாசே நேர்மையாக எழுதியிருந்தார். "திரு கலோயான். எங்க அவர்? வரலியா?"

கெலாசே சட்டை ஒலிவாங்கியைச் சரிசெய்துகொண்டார்.

"வயல்லயே இருக்கார் மேடம்."

"பாத்தீங்களா?" தலைவிக்குக் குரல் தழுதழுத்தது. "விருது குடுக்கற நேரத்துலகூட. அவர்தான் உழவர்."

விருதை அவர் சார்பில் இலாரியே வாங்கிக்கொள்ளும்படி ஆனது. கையில் வைத்துப் பார்த்தான். மரப்பீடத்தின்மேல் பித்தளையில் செய்த ஒரு குட்டிப் பம்பு. கைப்பிடிகூட மேலும் கீழும் அசைந்தது. அவன் ஒருமுறை அசைத்தான்.

"இதுல தண்ணி வருமா மேடம்?"

மேடை முழுக்கச் சிரித்தது. எங்க ஜனங்களோட நகைச்சுவை உணர்வு இருக்கே என்று தலைவி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

மரியன்னை திருநாளுக்கு மறுநாள் இத்தாலி பஸ் தேவாலயத்துக்கு எதிரே வந்து நின்றது. சவேத்தா ஒரு பெட்டியும் ஒரு சாக்குப் பையும் வைத்திருந்தாள். இலாரியே பெட்டியைத் தூக்கப் போனான், இடுப்பு விடவில்லை. அவளே தூக்கிக்கொண்டாள்.

"சோளமாவு மேல் பலகைல இருக்கு. குதிரையை வித்துடாதே."

"அடுத்த வருஷம் எப்படியும் பம்பு..."

"பேசாம நீயும் அந்தக் கம்பத்துக்கடியில போய்ப் படுத்துக்கோ," என்றாள். "வேளா வேளைக்குத் தண்ணி ஊத்துவாங்க. அழறதுக்கும் ஆளு இருக்கு."

ஏறி, அவன் நிற்காத பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

செப்டம்பரில் திட்டத்தின் முதல் கட்டம் முடிந்தது. சம்பளம் நின்றது. அடுத்த வேளை ஒப்பாரிக்கு யாரும் வரவில்லை. பச்சைச் சட்டையைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டே ஸ்டாங்கா சொன்னாள்.

"இனிமே எடுத்துக்கோடா. ஆத்துல விட்டுடு. நாங்களும் மனுஷங்கதான்."

இலாரியே மண்வெட்டியோடு போனான். கொடிகள் காய்ந்த கயிறாகக் கிடந்தன, மிதித்தால் நொறுங்கின. காய்கள் கைமுட்டிகளாகவே கறுத்திருந்தன. நாடாவை அறுத்துவிட்டுத் தோண்டினான். முதலில் பலகை வந்தது, உளுத்துப் பிளந்து. உள்ளே ஆள் இல்லை. இரண்டு மாதத்துக்கு மேல் நாளெல்லாம் ஊற்றிய தண்ணீரில் கலோயான் கரைந்து மணலோடு மணலாகப் போயிருந்தான். கையை விட்டுத் துழாவினான். இரண்டு முட்டையோட்டுச் சில்லுகள் கிடைத்தன, சிவப்புச் சாயம் இன்னும் போகாமல். ஆற்றில் விடுவதற்கு அவ்வளவுதான் இருந்தது. கண்ணை மட்டும் அனுப்பினால் மழையை யார் அவிழ்ப்பது என்று தெரியாமல் அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

குழியை மூடாமலே வீட்டுக்கு வந்தான். சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மோதெனாவிலிருந்து சவேத்தா. பின்னால் ஒரு கிழவர் யாரையோ கூப்பிடுகிற சத்தம்.

"உன் வயலு காயுதாம்," என்றாள்.

"யாரு சொன்னா?"

"கருவிதான். கெழவனுக்குக் கால் கழுவிக்கிட்டிருக்கேன், மணியடிக்குது. மண் காய்ந்திருக்கிறது, நீர் பாய்ச்சவும்ங்குது. ரொம்ப நாளா வாழ்த்து சொல்லிக்கிட்டிருந்துச்சு, திடீர்னு இப்படி."

"தெரியும்."

"நிறுத்தச் சொல்ல மாட்டியா?"

"யார்கிட்ட சொல்றது?"

போனுக்குள் ஏதோ விடாமல் இரைந்தது. குழாயைத் திறந்து வைத்துவிட்டாள் என்று நினைத்தான்.

"தண்ணி வீணாப் போவுது, மூடு," என்றான்.

"குழாய் இல்ல," என்றாள் சவேத்தா. "வெளியில மழை. ரெண்டு நாளா விடாமப் பேயுது."